கலர் மாறி மாறி மினுங்கும் லைற் வைத்த உடுப்பை வீட்டிலேயே செய்யலாமா? புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டுமா?

செய்யலாம். கேள்வியைப் பார்த்தால் நீங்கள் புரோகிராமிங்குக்குத்தான் பயப்படுகிறீர்கள் போல. அதுதான் இதில் லேசான வேலை. லைற்றை ஆட்டுவிக்கும் சின்னக் கணினி போர்டு ஆர்டுயினோ, ஒவ்வொன்றாக நிறம் மாற்றக்கூடிய குட்டி எல்இடி பல்புகள் நியோபிக்சல். இவற்றுக்கென ஆயத்தமாகக் கிடைக்கும் நியோபிக்சல் லைப்ரரி என்ற புரோகிராம் தொகுப்போடு உதாரண புரோகிராம்களும் வரும். பல்பு எண்ணிக்கையையும் நிறத்தையும் மாற்றினால் ஓடும். என்னை அலைக்கழித்தது துணியும் பவர் பாங்கும்தான்.

அக்கா மகளுக்குப் பள்ளிக்கூடக் கலைவிழாவில் மயில் நடனம். தோகைக்கு 40 பல்புகள். முதலில் மின்சாரம் கடத்தும் நூலால் தைத்தேன். லியா பியூக்லி வடிவமைத்து 2007இல் விற்பனைக்கு வந்த, உடுப்பில் வைக்கும் ஆர்டுயினோவான லிலிபேட் போர்டை அந்த நூலால்தான் தைப்பார்கள், துணியோடு துணியாக மறைந்துவிடும். ஆனால் செம்பு வயரைவிட அதற்குத் தடை மிக அதிகம். தோகை நுனிக்குப் போகப் போக வோல்டேஜ் குறைந்து, நீலமும் பச்சையும் செத்து, சிவப்பு மட்டும் மிஞ்சியது. சிவப்பு மயில்!

அம்மா பார்த்துவிட்டு, "தம்பி, பாவாடைக்கு நாடா கோக்கிற மாதிரி மடிச்சுத் தைச்சுத் தாறன், வயரை அதுக்குள்ளால விடு" என்றார். சிலிக்கோன் உறை போட்ட, பல இழை கொண்ட வயரில் பல்புகளைச் சோல்டர் பண்ணி உள்ளே விட்டோம். துவைக்கும்போது உருவி எடுத்துவிடலாம்.

அடுத்தது சரிகை. இடுப்புக்குப் பழைய பட்டுச் சேலைக் கரையை வைத்திருந்தோம். சோல்டர் வைத்த இடம் அதில் பட்டதும் எல்லாம் நின்றுவிட்டது. அசல் சரிகையில் வெள்ளி இருக்கிறது, மலிவானது பலவற்றில் செம்பு. இரண்டும் மின்சாரம் கடத்தும். மின்சாரம் கடத்துகிறதா என்று மல்டிமீட்டர் என்ற அளவுக் கருவியால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தையுங்கள்.

மின்சாரத்துக்குப் பவர் பாங்க். முழு வெள்ளையில் ஒரு பல்பு 60 மில்லிஆம்பியர் வரை இழுக்கும், 40க்கு 2.4 ஆம்பியர். அதனால் வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து வைத்தேன். (லிப்போ என்ற மெல்லிய லித்தியம் பற்றரி ஏன் போடவில்லை என்று யாராவது வருவீர்கள். பவர் பாங்குக்குள்ளும் லித்தியம்தான், தெரியும். ஆனால் அதற்கு வெளிக்கூடும் பாதுகாப்புச் சுற்றும் இருக்கிறது. வெறும் பற்றரியைப் பிள்ளையின் முதுகில் நான் கட்டமாட்டேன்.)

மேடையில் மயில் படுத்துக் கிடக்கும் இடத்தில் எல்லா லைற்றும் அணைய வேண்டும். சவுண்ட்காரர் மழைப் பாட்டைப் போடச் சுணங்கினார். மின்சாரம் இழுக்க ஒன்றும் இல்லாததால் போனைக் கழற்றிவிட்டார்கள் என்று நினைத்துப் பவர் பாங்க் தானாக அணைந்துவிட்டது. பாட்டு வந்தது, லைற் வரவில்லை. நான் பக்கத் திரைக்குப் பின்னால் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறேன். பிள்ளை இடுப்பைத் தடவி, பட்டனைத் தானே அமத்திவிட்டு எழும்பி ஆடியது. இப்போது மடிப்புக்குள் நாலு பல்பை எப்போதும் எரிய விட்டிருக்கிறேன்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அறிவிப்பாளர் மைக்கில், "கனடாவிலிருந்து தருவிக்கப்பட்ட நவீன ஆடை" என்றார். யார் சொன்னதோ! போர்டும் பல்பும் சீனச் சாமான்தான், மறுக்கவில்லை. தைத்தது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், எங்கள் வீட்டு விறாந்தையில். யாழ்ப்பாணத்தில் ஒரு சாமான் நன்றாக இருந்தால் அது வெளிநாட்டில் இருந்துதான் வந்திருக்க வேண்டுமா? விழா முடிந்து வெளியே வரும்போது மூன்று பேர் அம்மாவிடம், கனடாவில் எந்தக் கடை என்று விசாரித்தார்கள்.