ஜிம் பயிற்றுநர் சான்றிதழுக்குக் கூட்டுப் பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. எனக்கு 26 வயது, ஊர் பீடோங். அப்பா அம்மா தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள். இப்போது தாமான் வீட்டில் இருக்கிறோம். சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. அடிப்படைச் சம்பளம் 1,900 வெள்ளி, ஓ.டி. சேர்த்துக் கைக்கு வருவது ஏறக்குறைய 2,100. அம்மாவுக்கு 600, மோட்டார் கடன் 290, சாப்பாடு பெட்ரோல் 500, ஜிம் 90, போன் 60, தவணையில் வாங்கிய போனுக்கு இன்னும் நான்கு மாதம் 180, கூட்டுக்கு 200. மீதி 180 மிஞ்சும். ஐந்து வருடமாக ஜிம் போகிறேன். பெர்சனல் டிரெய்னர் தேர்வு எழுத ஆசை. ஓர் அமெரிக்க அமைப்பின் முழு பேக்கேஜ் 3,900 வெள்ளி என்று ஏஜெண்டு சொல்கிறார், 12 மாதத் தவணை உண்டாம், வேலை உத்தரவாதமும் உண்டாம். அடிப்படை பேக்கேஜ் 2,200. எங்கள் கூட்டில் 15 பேர், சீட்டுப் போல ஆளுக்கு 200 போட்டு மாதம் ஒருவர் மொத்தம் 3,000 வெள்ளியை எடுப்போம். மூன்றாவது மாதமே எடுத்துக்கொள் என்கிறார் அம்மா. இ.பி.எஃப். சேமநிதியின் மூன்றாவது கணக்கில் 1,300 இருக்கிறது. எதை எடுப்பது? வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமா? ஜிம் முதலாளி ஒரு மணி நேரப் பயிற்சிக்கு 60 வாங்கி எனக்கு 30 தருவதாகச் சொல்கிறார்.

பதில்: தம்பி, கணக்கை இவ்வளவு விவரமாக எழுதி அனுப்பியதற்கே பாதி வேலை முடிந்தது. பலர் "சம்பளம் பத்தவில்லை" என்ற ஒரு வரியோடு நிறுத்திவிடுவார்கள்.

ஏஜெண்டு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். 3,900-ஐ 12 மாதத்தில் கட்டினால் மாதம் 325. உங்களுக்கு மிஞ்சுவது 180. எனவே அந்தத் தவணை முதல் மாதமே அம்மாவின் 600-இல் கை வைக்கும். வேலை உத்தரவாதம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் அதன் நிபந்தனைப் பக்கத்தைத் திறந்து படியுங்கள். எந்த நாட்டில், எத்தனை நாளுக்குள், எத்தனை இடத்துக்கு விண்ணப்பித்ததற்கு ஆதாரம் காட்டினால் பணம் திரும்பும் என்று அங்கேதான் எழுதியிருக்கும். பீடோங்கில் இருப்பவருக்கு அது எந்த அளவுக்கு உதவும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். பெரிய பேக்கேஜில் சேர்த்துத் தரும் கூடுதல் வீடியோ, ஊட்டச்சத்து சிறப்புப் பாடம் எல்லாம் தேர்வில் பாஸான பிறகு வாங்கினாலும் ஓடிப்போகாது.

இந்தச் செலவில் ஆபத்தே எங்கே என்றால், பணம் கட்டிய நாளிலிருந்து கெடு ஓட ஆரம்பிப்பதில்தான். பல அமைப்புகள் தேர்வு எழுத ஏறக்குறைய ஆறு மாதம்தான் தருகின்றன. அதற்குள் எழுதாவிட்டால் நீட்டிப்புக்குக் காசு, தோற்றால் மறுதேர்வுக்குத் தனிக் கட்டணம், எல்லாம் டாலரில். 12 மணி நேர ஷிஃப்ட் முடித்து வந்து, ஆங்கிலத்தில் தசைகளின் பெயரை மனப்பாடம் செய்யும் உங்களுக்கு ஆறு மாதம் நீளமான காலமில்லை. அதனால் பாதிப் பாடம் மண்டையில் ஏறும் வரை ஒரு காசும் கட்டாதீர்கள்.

தேர்வு எப்படிப்பட்டது என்று ஓர் உதாரணம். என்.ஏ.எஸ்.எம். என்ற அமெரிக்க அமைப்பின், கண்காணிப்பாளர் முன்னால் எழுதும் தேர்வில் 120 கேள்வி, இரண்டு மணி நேரம், அதாவது கேள்விக்கு ஒரு நிமிடம். அதில் 20 கேள்விக்கு மதிப்பெண் கிடையாது, ஆனால் எந்த 20 என்று நமக்குத் தெரியாது. கேள்விகள் இந்த மாதிரி வரும்: ஒருவர் கைகளை மேலே தூக்கிக்கொண்டு ஸ்குவாட் செய்கிறார், முட்டி இரண்டும் உள்ளே சாய்கிறது, எந்தத் தசை இறுகிப்போயிருக்கிறது, எது சோம்பிக் கிடக்கிறது? தொடையின் உள்பக்கத் தசைகள் இறுக்கம், பிட்டத் தசைகள் தளர்வு என்று உங்களுக்கு ஜிம் அனுபவத்தில் தெரிந்திருக்கலாம். தேர்வு அதன் ஆங்கிலப் பெயரைக் கேட்கும், தப்பான மூன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அப்புறம் அவர்களுடைய ஐந்து கட்டப் பயிற்சி முறை இருக்கிறது. முதல் கட்டத்தில் 12 முதல் 20 முறை, இறக்கும்போது நான்கு எண்ணிக்கை, நிறுத்தி இரண்டு, ஏற்றும்போது ஒன்று. இப்படி ஒவ்வொரு கட்டத்துக்கும் அட்டவணை. ஐந்து வருடம் எடை தூக்கியவர்கள் தடுமாறுவது இங்கேதான், ஏனென்றால் கையும் காலும் பழகியது வேறு மாதிரி.

இதற்குப் பழைய பதிப்புப் புத்தகம் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். உடற்கூறு பகுதி பதிப்புக்குப் பதிப்பு பெரிதாக மாறாது. மாதிரிக் கேள்விகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நான்கு மாதம் இதைச் செய்யுங்கள். நான்கு என்று சொல்வதற்குக் காரணம் உங்கள் போன் தவணை. அது முடியும்போது 180 வெள்ளி விடுதலையாகிறது. முதல் நான்கு மாதம் மிஞ்சும் 180-ஐ ஒதுக்கினால் 720. அதற்குப் பிறகு மாதம் 360 வீதம் இன்னும் நான்கு மாதம், 1,440. எட்டாவது மாத முடிவில் கையில் 2,160, யாரிடமும் கடன் இல்லாமல். அடுத்த சம்பளத்தில் 2,200-ஐத் தாண்டிவிடும். புதிய போன் ஆசை மட்டும் இடையில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், இப்போது கையில் இருப்பது போதும்.

கட்டணம் டாலரில் என்பதால் வெள்ளி விலை நாளுக்கு நாள் கொஞ்சம் ஆடும், வங்கியும் தன் பங்குக்குச் சிறிது சேர்க்கும். டெபிட் கார்டில் கட்டப் போகிறீர்கள் என்றால் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று வங்கி செயலியில் முன்னாடியே பாருங்கள். கிரெடிட் கார்டு கிடைக்கும் வருமானம் உங்களுக்கு இருக்கிறது, ஆனால் ஆண்டுக்கு 15 முதல் 18 சதவீதம் வட்டி கட்டி இதைப் படிக்க வேண்டியதில்லை.

வாங்கும் முன் ஏஜெண்டிடம் ஒன்று கேளுங்கள்: இது கண்காணிப்பாளர் முன்னால் எழுதும் தேர்வா, வீட்டில் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதுவதா? சில அமைப்புகள் இரண்டு வகையும் விற்கின்றன. விலை குறைந்ததைத் தலையில் கட்டிவிட்டு இரண்டும் ஒன்றுதான் என்பார்கள். பெரிய ஜிம்கள் எதை ஏற்கின்றன என்று சுங்கை பட்டாணியிலும் பினாங்கிலும் இரண்டு இடத்தில் நேரில் கேட்டுவிட்டு வாருங்கள். இந்த வேலையை மட்டும் ஏஜெண்டிடம் விடாதீர்கள்.

அம்மா சொன்ன கூட்டு. மூன்றாவது மாதம் எடுத்தால் நீங்கள் கட்டியிருப்பது 600, வாங்குவது 3,000. மீதி 2,400-ஐ 12 மாதம் கட்ட வேண்டும். கூட்டு என்று சொன்னாலும் அது கடன்தான். அதுவும் உங்கள் அம்மாவின் முகத்தை வைத்து வாங்கிய கடன். ஒரு மாதம் ஓ.டி. கிடைக்காமல் போனால் பதில் சொல்ல வேண்டியது அவர்தான். அதற்காகக் கடைசிச் சீட்டுக்குக் காத்திருங்கள் என்றும் சொல்லமாட்டேன். கூட்டு உடைந்தால் அடிபடுவது கடைசியில் எடுப்பவர்கள்தான், 1971 கூட்டு நிதித் தடைச் சட்டப்படி கூட்டு நடத்துவதே குற்றம் என்பதால் போலீசுக்குப் போவதும் சங்கடம். உள்ளே இருப்பவர்களைப் பாதியில் வெளியே வா என்று சொல்லவும் முடியாது, தோட்டத்துப் பழக்கம் அப்படி. ஒன்பதாவது மாதத்துக்கு மாற்றிக்கொள்ளப் பாருங்கள். அதற்குள் 1,800 கட்டியிருப்பீர்கள். வரும் 3,000-இல் 1,200-ஐ மீதி ஆறு தவணைக்கு அன்றே தனியாக வைத்துவிடுங்கள். மிஞ்சும் 1,800 உங்கள் சொந்தப் பணம். அதில் பரீட்சைக்குக் கை வைக்க வேண்டாம், அவசரத்துக்கு இருக்கட்டும். இந்தச் சுற்று முடிந்ததும் அடுத்த கூட்டில் சேராதீர்கள். அம்மாவிடம் இதை இப்போதே சொல்லிவிட்டால் பிறகு மனத்தாங்கல் வராது.

இ.பி.எஃப். பற்றி. 2024 மே மாதத்திலிருந்து உங்கள் சந்தாவில் 10 சதவீதம் மூன்றாவது கணக்குக்குப் போகிறது. 1,900-க்கு உங்கள் பங்கு 209, முதலாளி பங்கு 247, மொத்தம் 456. அதில் 10 சதவீதம் 45.60. ஓ.டி. பணத்துக்கு இ.பி.எஃப். பிடிப்பதில்லை என்பதால் எத்தனை இரவு உழைத்தாலும் இது கூடாது. ஆக 1,300-ஐ எடுத்தால் அதே இடத்துக்கு வர ஏறக்குறைய 29 மாதம். எடுப்பது சுலபம், செயலியில் தட்டினால் வந்துவிடும், குறைந்தது 50 வெள்ளியிலிருந்தே எடுக்கலாம். அதனால்தான் அதைத் தொட வேண்டாம் என்கிறேன். 2024-க்கு 6.30 சதவீத ஈவு கிடைத்தது, வேறு எங்கே வைத்தால் உங்களுக்கு இது கிடைக்கும்?

வேலையை விடலாமா என்ற கேள்விக்கு நீங்கள் கொடுத்த 30 வெள்ளியே பதில் சொல்கிறது. கைக்கு வரும் 2,100-உடன் முதலாளி போடும் 247-ஐச் சேர்த்தால் 2,347. அதை 30-ஆல் வகுத்தால் மாதம் 78 மணி நேரம், வாரத்துக்குக் கிட்டத்தட்ட 20. ஜிம்மில் நிற்கும் உங்களுக்கு 20 மணி சின்னதாகத் தோன்றும். வாடிக்கையாளர் பக்கம் நின்று பாருங்கள். வாரம் இரண்டு முறை வருபவர் மாதம் 480 வெள்ளி கொடுக்க வேண்டும். பீடோங்கில் அப்படிப்பட்ட பத்துப் பேர் தொடர்ந்து, தீபாவளி மாதமும் பள்ளி திறக்கும் மாதமும் சேர்த்து, வருவார்களா? முதலாளி ஆள் தேடித் தருவாரா, நீங்களே தேட வேண்டுமா என்றும் உங்கள் கடிதத்தில் இல்லை. அதைக் கேளுங்கள். இப்போதைக்கு வேலையை விடாதீர்கள்.

ஆனால் பகுதி நேரமாக இது லாபம்தான். 2,200-உடன் முதலுதவி வகுப்பு, போக்குவரத்து என்று 200 சேர்த்தால் 2,400. 30-ஆல் வகுத்தால் 80 மணி நேரம். இரண்டே வாடிக்கையாளர் வாரம் இரண்டு முறை வந்தால் ஐந்து மாதத்தில் போட்ட காசு திரும்பிவிடும். முதலுதவி என்று சொன்னது, இதயம் நின்றவரை மார்பில் அழுத்திக் காப்பாற்றும் சி.பி.ஆர். சான்றிதழை. தேர்வுக்கு அதையும் கேட்பார்கள். செயிண்ட் ஜான் ஆம்புலன்சும் செம்பிறைச் சங்கமும் அந்த வகுப்பை நடத்துகின்றன, நேரில் செய்து காட்டும் வகுப்பாகப் பார்த்துச் சேருங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பயிற்றுநர் சான்றிதழைப் புதுப்பிக்கவும் செலவு உண்டு. மாதம் 30 வெள்ளி அதற்கென்று ஒதுக்கினால் பிறகு முழிக்க வேண்டாம்.

எனக்கு நம்பிக்கை அதிகம் இருப்பது ஜிம்முக்கு வெளியேதான். உங்கள் தாமானில் இனிப்புநீர் (நீரிழிவு) உள்ள அத்தைகள், போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகும் பையன்கள், எய்ம்ஸ்ட் பல்கலைக்கழக மாணவர்கள் என்று ஆள் இருக்கிறது. மாலையில் பாடாங் திடலிலோ பாலாய் ராயா பொது மண்டபத்திலோ ஆறு பேர், தலைக்குப் பத்து வெள்ளி என்றால் மணிக்கு 60. ஜிம்மில் கிடைப்பதைவிட இரட்டிப்பு, அவர்களுக்கும் கட்டுப்படியாகும். இனிப்புநீர், இரத்த அழுத்தம் உள்ளவர்களை கிளினிக்கில் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், மருந்து, மாத்திரை பற்றி வாயே திறக்காதீர்கள். தொடர்ந்து காசு வாங்க ஆரம்பித்ததும் வியாபாரப் பதிவு செய்யும் எஸ்.எஸ்.எம். ஆணையத்தில் பதிவு செய்யுங்கள், சொந்தப் பெயரில் வருடம் 30 வெள்ளிதான்.

பகுதி நேர வருமானத்துக்கு யாரும் சொக்சோ (வேலையில் அடிபட்டால் உதவும் சமூகப் பாதுகாப்புச் சந்தா) கட்டமாட்டார்கள். பயிற்றுநருக்கு உடம்புதான் முதல், தோள்பட்டை கழன்றால் இரண்டு வேலையும் நிற்கும். சுயதொழில் செய்பவர்களுக்கான சொக்சோ திட்டத்தில் ஆகக் குறைந்த நிலைக்கு மாதம் 13.10 வெள்ளி. அதை முதல் வாடிக்கையாளர் வந்த மாதமே போடுங்கள்.

வரிக்கழிவு கிடைக்குமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்தச் சம்பளத்துக்கு உங்களுக்கு வருமான வரியே வராது, எனவே "வரியில் கழித்துக்கொள்ளலாம்" என்று ஏஜெண்டு சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.