பயிற்றங்காய்க்கு இரட்டை விலை கொடுக்கலாமா?

கேள்வி: கிளிநொச்சியில் இருக்கிறோம். கணவருக்கு மேசன் வேலை. இரண்டு சின்னப் பிள்ளைகள். சனிக்கிழமைகளில் எங்கள் ஒழுங்கைக்கு ஒரு வான் வருகிறது. 'நஞ்சற்ற இயற்கை மரக்கறி' என்று சொல்லி, சந்தை விலையைப் போல இரண்டு மடங்குக்கு விற்கிறார்கள். பிள்ளைகளுக்காக வாங்கலாம் என்பது என் எண்ணம். மாமியோ, "முந்தி நாங்கள் இதெல்லாம் பார்த்தா வளர்த்தனாங்கள்?" என்கிறா. காசுக்கு ஏற்ற பயன் உண்டா?

பதில்: எல்லாவற்றையும் அந்த வானில் வாங்காதீர்கள், பிள்ளை. மூன்று நான்கு மரக்கறிக்கு மட்டும் யோசிக்கலாம். அதற்கும் முதலில் வான்காரரிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்.

சத்துக் கூட இருக்கும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். 2012 இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் இருநூறுக்கு மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். உயிர்ச்சத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பூச்சிமருந்தின் மிச்சம்தான் இயற்கை மரக்கறியில் குறைவாக இருந்தது. ஆகவே நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசு மருந்து குறைவதற்காகத்தான். மருந்தே அதிகம் படாத சாமானுக்கு அந்தக் காசு எதற்கு? தேங்காய், பூசணி, மரவள்ளி, வேலியில் நிற்கிற முருங்கை, இவற்றை 'இயற்கை' என்று எழுதி விற்பவரிடம் சிரித்துவிட்டு வாருங்கள்.

பயிற்றங்காய் அப்படியல்ல. முப்பது வருடம் தோட்டம் தோட்டமாகத் திரிந்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். மருந்துப் போத்தலின் லேபலில், அடித்து இத்தனை நாள் கழித்துத்தான் பிடுங்க வேண்டும் என்று எறும்பளவு எழுத்தில் போட்டிருக்கும். ஒன்றுக்கு 7 நாள், இன்னொன்றுக்கு 14 நாள். பூசணியில் அது சிக்கல் இல்லை. காய் முற்றும்வரை காத்திருக்கலாம். பயிற்றங்கொடி காய்க்கத் தொடங்கினால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பிடுங்கியே ஆக வேண்டும். விட்டால் விதை வீங்கி, தோல் தடித்து, ஆடும் தின்னாது. பூவிலும் காயிலும் புழு வேறு. கமக்காரர் என்ன செய்வார்? பிடுங்குகிற நாட்களுக்கு நடுவிலேயே அடிப்பார். பின்னேரம் 16 லீற்றர் டாங்கியை முதுகில் போட்டு அடித்துவிட்டு, விடியப் பிடுங்கிச் சந்தைக்கு ஏற்றியதை நானே கண்டிருக்கிறேன். கயிறு போட்டுக் கட்டிய பிடியில் மருந்து மணம் போகவில்லை. கத்தரி, பாகல், வெண்டி, பச்சை மிளகாய் எல்லாம் இதே வகைதான்.

கமக்காரரை மட்டும் திட்டாதீர்கள். விடியப்புறம் வருகிற வியாபாரி ஒரு புள்ளியைக் கண்டாலும் விலையை உடைப்பார். பிறகு நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ 'கழிவு' என்று வெட்டுவார். இப்படி வெட்டுகிறவருக்குப் பளபளப்பான காய் கொடுக்க வேண்டுமென்றால் மருந்தடிக்காமல் முடியுமா? கழிவு வெட்டக் கூடாது என்று கூட்டம் போட்டுப் பேசுவார்கள், தேநீர் குடிப்பார்கள், அடுத்த நாள் அதே தராசு.

சரி, அந்த வானுக்கு வருவோம். அதில் லீக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். லீக்ஸ் நுவரெலியாக் குளிரில் விளைவது. 'எங்கள் வன்னித் தோட்டத்தில் பிடுங்கியது' என்று சொல்லிக்கொண்டு லீக்ஸ் விற்கிறவரின் பயிற்றங்காயும் தம்புள்ளை மொத்தச் சந்தையில் ஏற்றியதாக இருக்கலாம். பூச்சி அரித்த கத்தரிக்காயைக் காட்டி "பாருங்கோ அக்கா, மருந்தில்லை" என்பார்கள். புழு குடைந்த பிறகும் மருந்தடிக்கலாம். ஓட்டை எதற்கும் சாட்சியில்லை.

இன்னொரு வார்த்தை விளையாட்டு 'சேதனப் பசளை போட்டது' என்பது. பசளை வேறு, மருந்து வேறு. மாட்டெரு போட்ட பாத்திக்கு மேலேயே மருந்தும் அடிக்கலாம். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே இரவில் மறித்து, வயல் பழுதான பிறகு நவம்பரில் திறந்துவிட்டார்களே, அதிலிருந்து இந்தச் 'சேதன' என்ற சொல்லை ஒட்டாத மூட்டை இல்லை. நாட்டரிசியும் அப்படித்தான். மொட்டைக்கறுப்பன் என்றால் பழைய இனம் என்பது மட்டும்தான் நிச்சயம். யூரியா கூடினால் சாய்ந்துவிடும் என்பதால் குறைவாகப் போடுவார்கள், அவ்வளவுதான். தீட்டாத சிவப்பரிசி நல்லது. அதற்குச் 'சேதன' முத்திரை தேவையில்லை.

முத்திரை என்றால் சேதன விவசாயத்துக்கு எஸ்எல்எஸ் 1324 என்ற இலங்கைத் தரம் ஒன்று இருக்கிறது. அந்தச் சான்றிதழை ஒழுங்கைக்கு வருகிற வானில் எதிர்பார்க்காதீர்கள். விவசாயத் திணைக்களத்தின் ஜிஏபி (நல்ல விவசாய நடைமுறை) சான்றிதழ் உள்ள தோட்டம் பக்கத்தில் இருந்தால் அது உங்களுக்கு நல்லது. அது இயற்கை விவசாயம் அல்ல, மருந்தடிப்பார்கள். ஆனால் எப்போது அடித்தது, எப்போது பிடுங்கியது என்று கொப்பியில் எழுத வேண்டும். உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டால் யார் யார் என்று சொல்வார். ஆளைக் கந்தோரில் பிடிப்பதுதான் கஷ்டம். பாதி நாள் கூட்டத்தில் இருப்பார்.

வான்காரரிடம் கேட்க வேண்டியது இதுதான்: எந்தத் தோட்டம், நான் வந்து பார்க்கலாமா? கடைசியாக எதை, என்றைக்கு அடித்தது? "வேப்பெண்ணெய் அடித்தது, போன புதன்" என்று பட்டென்று சொன்னால் பயிற்றங்காய், கத்தரி, பச்சை மிளகாய், கீரை நான்கையும் வாங்குங்கள். "மருந்தே தொடுறேல்லை" என்று சத்தியம் செய்தால் விட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் சந்தையில்.

சந்தையில் வாங்கியதை ஓடுகிற தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள். 2017 இல் அப்பிளில் செய்த ஒரு ஆய்வில், அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் கால் மணித்தியாலம் வரை வைத்தபோது மேலே ஒட்டியிருந்த இரண்டு மருந்துகள் கழன்றன. தோலுக்குள் ஊறியது போகவில்லை. வானில் வாங்கிய கீரையையும் கழுவத்தான் வேண்டும். மக்காத மாட்டெருவில் கிருமி உண்டு. மருந்துக்குப் பயந்து பிள்ளைகளுக்கு மரக்கறியைக் குறைத்துவிடாதீர்கள், அது இதைவிடப் பெரிய நட்டம்.

உங்களுக்கு வளவு இருக்குமே. வேலியோரம் பத்துப் பயிற்றங்கொட்டை ஊன்றினால் ஒன்றரை மாதம் கழிந்து காய் பிடுங்கலாம். எப்போது ஊன்றுவது, பந்தல் எப்படிப் போடுவது, புழுவுக்குச் சாம்பல் எப்போது தூவுவது என்பதை மாமியிடம் கேளுங்கள். முந்தி அவர்கள் பார்த்தது அதைத்தான்.