பிரேக்கை மிதித்தால் நிற்கும் கடகட சத்தம்: பின் காலிப்பர் ஆட்டம்

பைக்கின் பின் காலிப்பரை, அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பேடுகளால் கவ்வி நிறுத்தும் பாகத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டை இனி முறுக்க வேண்டாம். பாம்பன் சாலைப் பாலத்தின் இணைப்புகளில் ஏறும்போது பின்சக்கரத்தில் கடகடக்கிறது, பிரேக்கை மிதித்தால் நின்றுவிடுகிறது, இரண்டு முறை போல்ட்டை இறுக்கியும் தீரவில்லை என்கிறீர்கள். அப்படியானால் பெரும்பாலும் காலிப்பர் நகரும் ஸ்லைடு பின்கள்தான் தேய்ந்திருக்கும். மிதிக்கும்போது பேடுகள் டிஸ்க்கைக் கவ்விக்கொள்வதால் ஆட்டம் அடங்குகிறது.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, சூடு ஆறியதும் காலிப்பரைக் கையால் ஆட்டுங்கள். அதைத் தாங்கும் பிராக்கெட்டும் சேர்ந்து ஆடினால் போல்ட், மரைகளைப் பாருங்கள். பிராக்கெட் அசையாமல் காலிப்பர் மட்டும் லொடலொடத்தால் பின்கள், அல்லது பேடுகளை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் தகடு. நம் கடற்கரை உப்புக்காற்றில் அந்த மெல்லிய தகடு துருப்பிடித்து உடைந்தே போகும். தங்கச்சிமடத்தில் என் வண்டியில் அதுதான் நடந்தது. நானும் முதலில் போல்ட்டையே சந்தேகப்பட்டேன்.

பின்களைக் கழற்றித் துடையுங்கள். பள்ளம் விழுந்திருந்தால் புதிது போடுங்கள், ரப்பர் உறைகளோடு சேர்த்து. பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடும். அப்புறம், காலிப்பர் வெளியே இருக்கும்போது யாரும் பெடலை மிதித்துவிடக் கூடாது, பேடுகளை அழுத்தும் பிஸ்டன் வெளியே வந்துவிடும். பூட்டியபின் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதித்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும்: போல்ட் எவ்வளவு சுற்றினாலும் இறுகாமல் வழுக்கினால் மரை போய்விட்டது. அந்த வண்டியை ஓட்டாதீர்கள், பட்டறைக்கு ஏற்றி அனுப்புங்கள்.