புண் ஆறியும் சதை கரைவது ஏன்?

கேள்வி: என் மனைவிக்கு வயது 34. நான்கு மாதங்களுக்கு முன் குளிக்கக் காயவைத்த வெந்நீர் அண்டா கவிழ்ந்து, தொடைகளும் கைகளும் வெந்துவிட்டன. உடம்பில் 30 சதவீதம் என்றார்கள். கோவையில் தோல் ஒட்டுச் சிகிச்சை முடிந்து புண் ஆறிவிட்டது. ஆனால் 56 கிலோ இருந்தவள் இப்போது 43. சொம்பைத் தூக்கினால் கை நடுங்குகிறது. கட்டிலை விட்டு இறங்கவிடாமல் தாங்குகிறோம். அம்மா சொன்ன பத்தியமும் தவறவில்லை, கஞ்சியும் ரசமும்தான். பார்த்தால் ஆசைப்படுவாள் என்று முட்டை, கறியை நாங்கள் அடுப்படியிலேயே சாப்பிட்டுவிடுகிறோம். சதை பிடிக்க நல்ல டானிக் எது?
- பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: டானிக் இருக்கட்டும். அந்த அடுப்படிக்கு வாருங்கள். அவள் ஆசைப்படுவாள் என்று தெரிந்துதானே ஒளிந்து சாப்பிடுகிறீர்கள்? அது நாக்கின் ஆசை இல்லை, வெந்த உடம்பின் பசி.

பெரிய தீப்புண்ணுக்குப் பிறகு அட்ரினலின், கார்டிசோல் என்ற பதற்றச் சுரப்புகள் ஏறி, மாதக்கணக்கில் இறங்காது. படுத்துக் கிடந்தாலும் இதயம் வேகமாக அடிக்கும். புதுத் தோலுக்கு வேண்டிய புரதம் தட்டில் இல்லாவிட்டால், உடம்பு தன் தசையையே உடைத்து எடுத்துக்கொள்ளும். நன்றாகச் சாப்பிடுபவர்களுக்கே ஓரளவு கரையும். புண் மூடியதும் இது நிற்காது. ஓராண்டு, சிலருக்கு இரண்டாண்டுகூட நீளும். அப்படிப்பட்டவளுக்குக் கஞ்சி! ஒரு கிண்ணத்தில் மூன்று கிராம் புரதம் தேறினால் அதிகம்.

முட்டை தின்றால் புண் சீழ் வைக்கும் என்பதுதானே பத்தியத்தின் பயம்? முட்டையால் சீழ் வைக்காது. சீழ் வைப்பது கிருமி. இதை அம்மாவிடம் நீங்கள் சொல்லுங்கள், மனைவியைச் சொல்லவைக்காதீர்கள். தாயை மதிப்பது வேறு, தாய் பேச்சைக் காட்டிக் கட்டியவளைப் பட்டினி போடுவது வேறு. இன்று இரவிலிருந்து அவளுக்குப் பரிமாறிய பிறகே வீட்டில் மற்றவர்கள் கைநனைக்க வேண்டும்.

பழைய எடைக்குக் கிலோவுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் என்று கணக்கிட்டால், நாளுக்கு 84 முதல் 112 கிராம் புரதம் வேண்டும். நான்கு முட்டையில் 24, மூன்று டம்ளர் பாலில் 19, 150 கிராம் கோழிக்கறியில் 30க்கு மேல், 50 கிராம் வேர்க்கடலையில் 12, காய்ந்த அவரை விதையோ பட்டாணியோ பருப்போ 50 கிராம் வேகவைத்தால் 11. ஒரே வேளையில் திணிக்காமல் ஆறு வேளையாகப் பிரியுங்கள். படுக்கும் முன் பால் கட்டாயம். சோற்றைக் குறைக்காதீர்கள், மாவுச்சத்து போதாவிட்டால் தின்ற புரதமும் எரிபொருளாகிவிடும். சிறுநீரகக் கோளாறோ சர்க்கரையோ இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.

உங்கள் ஊர்க் குளிரும் அவளைத் தின்கிறது. தீக்காய வார்டை 30 டிகிரி அளவில் வைப்பது, உடம்பு சூடேற்றிக்கொள்ளச் செலவழிக்கும் சக்தியை மிச்சப்படுத்தத்தான். ஜன்னல் இடுக்கை அடையுங்கள், கம்பளி போடுங்கள், ஹீட்டர் போட்டால் அவளுக்குச் சற்றுத் தூரத்தில் வையுங்கள். மூடிய அறையில் கரி அடுப்பு கூடவே கூடாது, அதன் புகைக்காற்று ஆளைக் கொல்லும். வெந்நீர் பையும் வேண்டாம். ஒட்டுத்தோலில் சூடு உறைக்காது, மறுபடி வெந்துவிடும்.

கட்டிலில் வைத்துத் தாங்கியது போதும். உழைக்காத தசையில் புரதம் ஒட்டாது. ஒட்டிய தோல் உறுதியானதைப் பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொன்னதும், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காரட்டும், நாளுக்கு மூன்று தடவை. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை இரு கையாலும் மாறி மாறித் தூக்கட்டும். எளிதானதும் எடையைக் கூட்டுங்கள். முழங்கையையும் முழங்காலையும் தினமும் முழுக்க நீட்டாவிட்டால் தழும்பு இழுத்து மடக்கிவிடும். குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும்.

வாரம் ஒருநாள், ஒரே தராசில், காலையில் எடை பாருங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து இறங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலோ உடனே கோவைக்குக் கூட்டிப்போங்கள். படபடப்பைத் தணிக்கும் ப்ரொப்ரனலால் மாத்திரை அவளுக்கு ஏற்றதா என்று அங்கே கேளுங்கள். சதை ஏற்ற என்று ஜிம்மில் விற்கும் ஊசி எதையும் வீட்டுக்குள் விடாதீர்கள்.