18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு கிரேயான் உட்புறக் காட்சிகள் பாதியில் விட்டவை போல இருக்கின்றனவே, ஏன் இத்தனை மதிப்பு?

"பாதியில் விட்டவை" என்பதைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை. நீங்கள் எண்ணெய் வண்ண ஓவியங்களையே பார்த்துப் பழகியவர் என்று நினைக்கிறேன்.

யூபேர் ரொபேரை எடுத்துக்கொள்ளுங்கள். 1754-இல் ரோமுக்குப் போய் 11 வருடம் அங்கேயே கிடந்து வரைந்த பிரெஞ்சுக்காரர். 1763 வாக்கில் காப்பிடோலைன் அருங்காட்சியகத்துக்குள் சிலைகளுக்கு நடுவே உட்கார்ந்து வரையும் ஒருவரைச் செங்காவிக் கிரேயானில் (நம்மூர் மெழுகு கிரேயான் இல்லை, செங்காவிக் கல்லில் செய்த குச்சி) தீட்டினார். படம் இப்போது பிரான்சில், வலான்ஸ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நிழலெல்லாம் சாய்வான கோடுகள், வெளிச்சமெல்லாம் வெறும் தாள். செங்காவியை முழுசாக அழிக்க முடியாது, கறை நின்றுவிடும். ஆகவே தாளில் எந்த இடத்தைத் தொடக் கூடாது என்று முதலிலேயே தீர்மானித்தாக வேண்டும். வெறுமையாக விட்டது அரைகுறை இல்லை, அந்தத் தீர்மானம்தான்; மதிப்பும் அதற்குத்தான். அப்புறம், வரைந்த படத்தின் மேல் ஈரத்தாளை வைத்து அழுத்தி நகல் எடுக்கும் வழக்கமும் அவருக்கு உண்டு. அது இடவலம் மாறி, வெளிறி வரும். நீங்கள் பார்த்தது ரொம்ப மங்கலாக இருந்திருந்தால் அப்படி ஒரு நகலாகவும் இருக்கலாம்.

ஓவியக் கல்லூரியில் படிக்கும்போது பாட்டி வீட்டு முற்றத்தைச் சிவப்புக் கான்டேயில் (அதே மாதிரி ஒரு வரைகுச்சி) வரைந்தேன். தூணில் விழும் வெயிலுக்குத் தாளை அப்படியே விட்டிருந்தேன். மாமா பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மாப்ளே, கலர் எப்ப அடிப்பே?" என்றார். சரி, அவரை விடுங்கள். ஃபிரேம் போடக் கொடுத்த கடையில், கண்ணாடி வைக்கும் முன் தூசி என்று நினைத்துத் துணியால் ஒரு துடை துடைத்தார்கள். ஊஞ்சலுக்கு அடியில் இருந்த நிழல் கிளம்பி வந்து வெயில் மேல் அப்பிக்கொண்டது. கேட்டால், "இப்பத்தான் சார் கலர் வந்திருக்கு" என்கிறார் கடைக்காரர்.

பிரான்சுக்கே போகாதவன், அச்சில் பார்த்துவிட்டு அளக்கிறான் என்று சிலர் வருவீர்கள். ஆமாம், அச்சில்தான் பார்த்தேன். டெமார்த்தோ என்ற செதுக்குநர் செப்புத் தகட்டில் பல்சக்கரம் உருட்டி, கிரேயான் கோட்டைப் போலவே புள்ளி புள்ளியாக அச்சிட்டு, பூஷே என்ற அக்கால பிரெஞ்சு ஓவியரின் படங்களை நூற்றுக்கணக்கில் வெளியிட்டார். அந்தக் காலத்து மாணவர்களே அவற்றைப் பார்த்துத்தான் கை பழகினார்கள். பணக்காரர்கள் ஏற்றிவிட்ட விலை என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நான் விலையைப் பற்றிப் பேசவே இல்லை.

எனக்கு எரிச்சல் நம்மூர் ஓவியப் போட்டிகள் மேல்தான். போன வருடம் ஒரு குடியிருப்பில் நடுவராகக் கூப்பிட்டார்கள். தாளில் வெள்ளை தெரிந்தால் மதிப்பெண் குறைக்க வேண்டும் என்று விதிமுறையிலேயே போட்டிருந்தார்கள். ஒரு பையன் நாலே கோட்டில் மாட்டை நிற்க வைத்திருந்தான். எவ்வளவு மல்லுக்கட்டியும் அவனுக்கு ஆறுதல் பரிசு கூட இல்லை. முதல் பரிசு, மூலை முடுக்கெல்லாம் மெழுகு கிரேயானைத் தேய்த்த படத்துக்கு. அதில் பாதி, பரிசு வாங்கிய சிறுமியின் அப்பா தேய்த்தது.