தெரபி விதிகளை மாற்றுகிறார்களாம்: பெற்றோர் என்ன எழுதலாம், எப்படி எழுதலாம்?

கேள்வி: என் மகனுக்கு 2 வயது 9 மாதம். இன்னும் பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதும் குறைவு. வாரம் மூன்று நாள் ஓர் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு (ஏர்லி இன்டர்வென்ஷன் சென்டர்) தெரபிக்கு அழைத்துப் போகிறேன். தெரபி பற்றிய விதிகளை மாற்றப் போவதாகவும் பெற்றோர் கருத்துச் சொல்லலாம் என்றும் அங்கே சொன்னார்கள். அச்சடித்த கடிதம் ஒன்றைக் கொடுத்துக் கையெழுத்தும் கேட்கிறார்கள். நான் பத்தாவது வரைதான் படித்தவள். நான் எழுதினால் யார் படிக்கப் போகிறார்கள்? எழுதுவதென்றால் எப்படி எழுதுவது?
வாசகி, பெரம்பூர்

பதில்: கையெழுத்தைப் போட்டுக் கொடுங்கள், தவறில்லை. ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரே வாசகத்தில் நூறு கடிதம் வந்தால் அதைப் பிரித்துப் பார்க்கிறவர் ஒரே கருத்து என்றுதான் குறித்துக்கொள்வார். அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். நீங்கள் உங்கள் கையால் எழுதுகிற ஒரு பக்கம் தனிக் கருத்தாக நிற்கும்.

அதற்கு முன்னால் மையத்தில் ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். வந்திருப்பது வரைவு விதியா (சட்டத்தின் கீழ் வரப்போகும் விதியின் முன்வடிவு), அரசாணையா, திட்ட வழிகாட்டுதலா? எல்லாவற்றையும் பொதுவாக ‘ரூல்ஸ்’ என்றே சொல்லிவிடுகிறோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன்படி விதி செய்யும் அதிகாரத்தைப் பிரிவு 100 மத்திய அரசுக்கும் பிரிவு 101 மாநில அரசுக்கும் தருகின்றன. இரண்டிலும் ஒரே நிபந்தனை: வரைவை முன்கூட்டியே வெளியிட வேண்டும். வெளியிட்டபின் என்ன நடக்க வேண்டும் என்பதை 1897ஆம் ஆண்டின் பொது உட்கூறுகள் சட்டம் (General Clauses Act), பிரிவு 23 சொல்கிறது. எந்தத் தேதியில் அல்லது எந்தத் தேதிக்குப் பிறகு வரைவைப் பரிசீலனைக்கு எடுப்பார்கள் என்று அறிவிப்பில் இருக்க வேண்டும். அந்தத் தேதிக்கு முன் வந்து சேரும் ஆட்சேபங்களையும் யோசனைகளையும் அவர்கள் பரிசீலிக்க வேண்டும். ஏற்றுக்கொண்டாக வேண்டும் என்பதில்லை, பரிசீலித்தாக வேண்டும். இதில் மத்திய அரசு, மாநில அரசு என்ற வித்தியாசம் இல்லை, பட்டப்படிப்பு படித்தவர் கடிதம், பத்தாவது படித்தவர் கடிதம் என்ற வித்தியாசமும் இல்லை.

அரசாணைக்கும் திட்ட வழிகாட்டுதலுக்கும் இந்தக் கட்டாயம் பொருந்தாது. அப்படியென்றால் துறைக்கோ, திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலோ மனுவாகக் கொடுக்கலாம். கீழே சொல்லும் எழுத்து முறை அதற்கும் உதவும்.

வரைவு விதிதான் என்றால் அதன் முழு வாசகத்தைக் கேட்டு வாங்குங்கள். யாரோ போட்ட வாட்ஸ்அப் சுருக்கத்தை நம்பி எழுதாதீர்கள். மாநில வரைவு தமிழ்நாடு அரசிதழில் இருக்கும், துறையின் இணையதளத்திலும் தேடலாம். படிக்கக் கடினமாக இருந்தால் மையத்து ஸ்பெஷல் எஜுகேட்டரை அரைமணி நேரம் உட்கார்ந்து படித்துச் சொல்லச் சொல்லுங்கள். உங்களிடம் கையெழுத்துக் கேட்பவர்களுக்கு அந்த அரைமணி நேரக் கடமை உண்டு.

கையில் வந்ததும் பலரும் நேராகப் பணம் எவ்வளவு, எத்தனை நாள் தெரபி என்ற பக்கத்துக்குப் போய்விடுவார்கள். நீங்கள் முதலில் விளக்கச் சொற்கள் இருக்கும் பகுதியைப் படியுங்கள், அதாவது ‘குழந்தை’ என்றால் யார், ‘பயனாளி’ என்றால் யார் என்று சொல்லும் இடத்தை. உங்கள் மகனுக்கு இன்னும் மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடையாது என்றே நினைக்கிறேன். இந்த வயதில் பல பிள்ளைகளுக்கு வளர்ச்சித் தாமதம் என்று மட்டும்தான் எழுதியிருப்பார்கள், டாக்டர்களும் இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்பார்கள். அது நியாயமும்கூட. ஆனால் வரைவில் ‘சான்றிதழ் பெற்ற குழந்தை’ என்று ஒரு வரி இருந்தால், உங்கள் பிள்ளை வாசலிலேயே நின்றுவிடுவான். ‘வளர்ச்சித் தாமதம் உள்ள அல்லது அதற்கான அபாயத்தில் உள்ள குழந்தை’ என்று இருந்தால் உள்ளே வருவான். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் பிரிவு 25, எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதித்து அபாயத்தில் உள்ளவர்களைக் கண்டறிய வேண்டும் என்று அரசுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் சொல்கிறது. கண்டுபிடிப்பதே சான்றிதழுக்கு முன்னால் நடக்கிற காரியம். கண்டுபிடித்த பிள்ளைக்குச் சான்றிதழ் வரும்வரை தெரபி கிடையாது என்றால் எதற்காகக் கண்டுபிடித்தோம்? இதை இப்படியே எழுதலாம்.

சான்றிதழ் விஷயத்தில் ஓர் அனுபவம் ஏற்கெனவே இருக்கிறது. 2024 அக்டோபரில் அந்தச் சட்டத்தின் மத்திய விதிகளைத் திருத்தியபோது, சான்றிதழ் தருவதற்கு ஒரு மாதம் என்றிருந்த கெடு மூன்று மாதமானது. வரைவில் பார்த்தால் ஒரு சொல் மாற்றம். இரண்டே முக்கால் வயதுப் பிள்ளைக்கு இரண்டு மாதம் கூடுதல் காத்திருப்பு என்றால் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே எண் எங்கெங்கே இருக்கிறதோ, நாள், மாதம், வயது, கிலோமீட்டர், அங்கெல்லாம் பென்சிலால் கோடு போடுங்கள்.

அடுத்தது, வாக்கியம் எப்படி முடிகிறது என்பது. ‘வழங்கலாம்’ என்று முடிகிறதா, ‘வழங்க வேண்டும்’ என்று முடிகிறதா? ‘லாம்’ என்றால் நிதி இருந்தால், ஆள் இருந்தால், மனமிருந்தால் என்று பொருள். ஆறு வயதுக்குக் கீழ் இது இன்னும் முக்கியம். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்குத்தான். மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இலவசக் கல்வி உரிமையும் 6 முதல் 18 வரைதான். ஆறு வயதுக்கு முன்னால் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி அரசியலமைப்பின் 45ஆவது கூறு, அரசு ‘முயல வேண்டும்’ என்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவோ ‘ஏற்பாடு செய்யலாம்’ என்பதோடு நின்றுவிடுகிறது. மேலே இருக்கும் சட்டமே இவ்வளவு மெலிதாக இருக்கும்போது, கீழே இருக்கும் விதியும் ‘லாம்’ போட்டால் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. வெறும் பரிந்துரையாக எழுதிவிட்டு அதையே விதி என்று சொல்ல முடியாது என்பதை உச்ச நீதிமன்றமும் 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் காட்டியது. அந்த மத்திய விதிகளில் அணுகல் வசதி பற்றிய விதி 15(1) வழிகாட்டுதலாக மட்டுமே இருக்கிறது, சட்டம் கேட்பது கட்டாயத்தை என்று சொல்லி அதைச் செல்லாது என்றது. உங்கள் கடிதத்தில் வழக்கின் பெயர் வேண்டியதில்லை. ‘இந்த வரியில் வழங்கலாம் என்பதை வழங்க வேண்டும் என்று மாற்றக் கோருகிறேன்’ என்றால் போதும்.

சரி, எழுதுவது எப்படி? ‘என் பிள்ளையின் எதிர்காலத்தைக் கருணையோடு பரிசீலிக்கவும்’ என்று எழுதாதீர்கள். படிப்பவர் மனம் கனக்கும், ஆனால் அதை வைத்து எந்த வரியைத் திருத்துவது என்று அவருக்குத் தெரியாது. வரைவில் வாரத்துக்கு ஒரு அமர்வு என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்படி எழுதலாம்:

‘வரைவு விதி எண் இன்னது. என் மகனுக்கு 2 வயது 9 மாதம், வளர்ச்சித் தாமதம். இப்போது வாரம் மூன்று நாள் தெரபி. காலை 8 மணிக்குக் கிளம்பி 12 மணிக்கு வீடு திரும்புகிறோம், அதில் தெரபி 45 நிமிடம். ஆறு மாதத்தில் தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டக் கற்றிருக்கிறான். இடையில் பத்து நாள் காய்ச்சலால் போகாதபோது அதுவும் விட்டுப்போய், திரும்பப் பழக்க மூன்று வாரம் ஆனது. எனவே வாரத்துக்கு ஒரு அமர்வு என்பதை, குழந்தையின் மதிப்பீட்டின்படி தேவையான அளவு, வாரத்துக்கு மூன்றுக்குக் குறையாமல் என்று மாற்றக் கோருகிறேன்.’

விதி எண், உங்கள் வீட்டில் நடந்தது, நீங்கள் கேட்கும் மாற்று வாசகம், இவ்வளவுதான். நான் எழுதியிருக்கும் டம்ளரும் காய்ச்சலும் மாதிரிக்கு. உங்கள் வீட்டில் உண்மையில் என்ன நடந்ததோ அதை எழுதுங்கள், நாட்களை எண்ணிச் சொல்லுங்கள். போக்குவரத்துச் செலவு, உங்கள் கூலி இழப்பு, மூத்த பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வருகிறீர்கள் என்பதெல்லாம்கூடச் சான்றுதான். கோட்டையில் உட்கார்ந்து வரைவு எழுதுபவருக்குத் தெரபி அறைக்குள் நடப்பது ஓரளவு தெரியும். அந்த அறைக்கு வந்து சேர ஒரு தாய் படும் பாடு தெரிய வழியில்லை. நல்லது ஏதாவது வரைவில் இருந்தால் அதையும் எழுதுங்கள், ‘விதி இன்னது அப்படியே இருக்கட்டும்’ என்று. நாம் வாயைத் திறக்காத நல்ல வரிதான் பல சமயம் கடைசியில் காணாமல் போகிறது.

ஒரு எச்சரிக்கை. மகனின் பெயர், ஆதார் எண், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எதையும் இணைக்காதீர்கள். இந்தக் கடிதம் பல மேசைகளைச் சுற்றும். ‘என் மகன், வயது இவ்வளவு’ என்பது போதும். உங்கள் பெயரும் முகவரியும் மட்டும் இருக்கட்டும்.

தமிழ்நாடு அரசின் வரைவு என்றால் தமிழிலேயே எழுதுங்கள். மத்திய அரசின் வரைவு என்றால் தமிழ்க் கடிதத்தோடு நாலு வரி ஆங்கிலச் சுருக்கம் சேர்ப்பது நல்லது, பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கும் தெருக்கோடிப் பெண்ணிடம் கேட்டால் எழுதித் தருவார். மக்களிடம் கருத்துக் கேட்பதற்காக மத்திய அரசு 2014இல் வகுத்த ஆலோசனைக் கொள்கை குறைந்தது 30 நாள் தர வேண்டும் என்கிறது. ஆனால் நான் மேலே சொன்ன பிரிவு 23இல் இத்தனை நாள் என்ற கணக்கு இல்லை. அறிவிப்பில் இருக்கும் தேதிதான் கணக்கு. அதுவும் கடிதம் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்த நாள், நீங்கள் தபாலில் போட்ட நாள் அல்ல. மின்னஞ்சல் முகவரி தந்திருந்தால் கடிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, சேர்ந்ததற்கான ஒப்புகை கேட்டு ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். அந்த ஒப்புகையைப் பத்திரமாக வையுங்கள். நகல் ஒன்றை மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் அனுப்பலாம், சட்டத்துக்கு முரணான விதிகளைச் சுட்டிக்காட்டுவது அவருடைய வேலைகளில் ஒன்று.

பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். இறுதி விதி அரசிதழில் வந்துவிட்டால், அது முறைப்படி செய்யப்பட்டது என்பதற்கு அந்த வெளியீடே முடிவான சான்று என்று அதே பிரிவு 23 சொல்கிறது. அப்புறம் நீதிமன்றம்தான், அது உங்களுக்கும் எனக்கும் நீண்ட வழி. வெளிவந்த விதியில் உங்கள் கோரிக்கை இல்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள்: மொத்தம் எத்தனை கருத்துகள் வந்தன, இன்ன விதி எண் மீது வந்தவற்றைப் பற்றிக் கோப்பில் என்ன குறிப்பு எழுதினார்கள், அதன் நகல் வேண்டும். அந்த ஒப்புகையைப் பத்திரமாக வைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.