பதில்: மேக்கில் திறக்கும் இணைப்பு தளத்தில் 404 காட்டுகிறது

வணக்கம். கடலூர் வரலாற்றுக் குறிப்புகளை மார்க்டவுன் (எளிய குறிகள் கொண்ட உரை) கோப்புகளாக ஏற்றியதில், மேக்கில் எல்லாம் திறந்தாலும், தளத்தில் கெடிலம், அரிக்கமேடு பக்கங்கள் மட்டும் திறக்கின்றன, கோட்டையும் கொள்ளிடமும் 404 (பக்கம் இல்லை) காட்டுகின்றன என்கிறீர்கள். அந்தப் பட்டியலிலேயே விடை இருக்கிறது. திறக்காத இரண்டிலும் ஒகர, ஓகாரக் குறி வருகிறது.

எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் குறியீட்டு முறையான யூனிகோடில் 'கோ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறியை ஒரே குறியீடாக, அல்லது ஏகாரக் குறி, கால் என்று இரண்டாக. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பைத்தான் நிரல்மொழியில் 'கோட்டை'யின் நீளம் கேட்டுப் பாருங்கள், ஒன்றில் 6, மற்றதில் 7 வரும். மேக் இரண்டையும் ஒரே பெயராக எடுத்துக்கொள்ளும். தளம் இருக்கும் லினக்ஸ் சர்வர் அப்படி விடாது, அதற்கு இவை வெவ்வேறு கோப்புகள்.

எல்லாப் பெயர்களையும் இணைப்புகளையும் என்எஃப்சி (NFC, அதாவது 'கோ'வின் குறியை ஒரே குறியீடாக வைக்கும்) வடிவத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் நான் சொல்வது: கோப்புப் பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்தில் வையுங்கள், தமிழ்த் தலைப்பைக் கோப்பின் உச்சியில் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் பகிரும்போது முகவரியில் தமிழ் எழுத்துகள் சதவீதக் குறிகளாக மாறி நீளவும் நீளாது. பெயர் மாற்றுவதை, குறிப்பெழுதும் செயலியான ஆப்சிடியனுக்குள்ளேயே செய்யுங்கள், உள் இணைப்புகளை அதுவே திருத்திவிடும். மேக்கின் கோப்பு உலாவியான ஃபைண்டரில் மாற்றினால் அது நடக்காது.

அப்புறம், கோட்டைப் பக்கத்திலிருந்து தேவனாம்பட்டினத்துக்கும் ஒரு இணைப்பு கொடுங்கள். 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிய கோட்டை அங்கேதானே இருந்தது.